இரண்டாவது கேள்விதான் நேர்காணல்

பொங்கல் முடிந்து மாமரங்கள் பூவெடுக்கும்போதே தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் இன்னொரு பேச்சும் தொடங்கிவிடும். பிள்ளையை ஹாஸ்டல் ஸ்கூலில் சேர்ப்பதா வேண்டாமா, சேர்த்தால் ராசிபுரமா, ஏற்காடா, ஊட்டியா, ஆந்திரப் பக்கம் மதனப்பள்ளியா? கணக்கும் இங்கிலீஷும் டியூஷனில் தேறிவிடும் என்று தைரியமாக இருப்பவர்கள்கூட ஓர் இடத்தில் தடுமாறுவார்கள்: "இன்டர்வியூல என்ன சார் கேப்பாங்க?"

கேட்பது எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒன்றுதான். பெயர், ஊர், வீட்டில் யார் யார், பிடித்த பாடம், பிடிக்காத சாப்பாடு, ஏன் இந்தப் பள்ளி. இருபது கேள்வியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். பயிற்சி மையங்கள் அதைத்தான் செய்கின்றன, கூடவே இருபது பதிலையும் எழுதிக் கொடுத்து. பிள்ளை அதை நெட்டுருப் போட்டுக்கொண்டு வந்து, நெஞ்சை நிமிர்த்தி, "மை நேம் இஸ்" என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் கொட்டிவிட்டு நிற்கும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். ஒன்றும் குறித்துக்கொள்ள மாட்டார். அன்று காலையில் அவர் கேட்கும் பத்தாவது "மை நேம் இஸ்" அது.

பிள்ளைக்குக் கணக்கு எவ்வளவு வரும் என்பதை எழுத்துத் தேர்வே சொல்லிவிடுகிறது. அதைத் திரும்ப வாயால் கேட்க மூன்று பெரியவர்கள் அரை நாள் உட்கார வேண்டியதில்லை. அவர்களுக்குத் தெரிய வேண்டியது வேறு. ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் அடித்தால் இந்தப் பிள்ளை பக்கத்துக் கட்டிலை எழுப்புமா, போர்வைக்குள்ளேயே முனகிக்கொண்டு கிடக்குமா? ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் போன் வராவிட்டால் மதியச் சோறு இறங்குமா? யாராவது சீண்டினால் அடித்துவிடுமா, அடங்கிப்போகுமா, யாரிடமாவது போய்ச் சொல்லுமா? இதை நேராகக் கேட்டால் "சொல்லுவேன் சார்" என்றுதான் வரும். அதனால்தான் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். முதல் கேள்வி தூண்டில் மாதிரி. நேர்காணல் என்று ஒன்று நடந்தால் அது இரண்டாவது கேள்வியில்தான் நடக்கிறது.

ஓர் உதாரணம். விடுதிப் பள்ளி நேர்காணல்களில் அடிக்கடி வரும் வகை இது.

"குளிக்கப் போற. சோப்பு டப்பாவ காணோம். என்ன பண்ணுவ?"

"வார்டன்கிட்ட சொல்லுவேன் சார்."

இது தாளில் இருந்த பதில். தப்பில்லை. அடுத்தது வரும்.

"வார்டன் இன்னைக்கு லீவு."

இங்கே பிள்ளைகள் பிரிந்துவிடுவார்கள். ஒரு பிள்ளை திகைத்து அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலியைத் திரும்பிப் பார்க்கும். ஒன்று, "எவன் எடுத்தான்னு கண்டுபிடிச்சு ரெண்டு போடுவேன்" என்னும். இன்னொன்று கொஞ்சம் யோசித்து, "பக்கத்துல இருக்கிறவன்கிட்ட கேட்டு வாங்கிக் குளிச்சிடுவேன் சார், ஸ்கூலுக்கு டைம் ஆயிடும்ல. சாயங்காலம் தேடுவேன்" என்னும். மூன்றாவது பிள்ளைக்குத்தான் இடம் என்று அவசரப்பட வேண்டாம். திகைத்த பிள்ளையிடம், "சரி, வீட்ல இப்படி ஆனா என்ன பண்ணுவ?" என்று இறங்கி வந்து கேட்பார்கள். அதற்குப் பதில் வந்தால் போதும். புது இடம், கூச்சம், அவ்வளவுதான். "அம்மாதான் சோப்பு போட்டு உடுவாங்க" என்று வந்தால் அங்கே பேனா ஓடும். பதினோரு வயசுப் பிள்ளைக்கு அம்மா சோப்புப் போட்டுவிடுவது நம் வீடுகளில் அதிசயமில்லை, பாசம்தான். ஆனால் நாற்பது பிள்ளைக்கு நான்கு குளியலறை உள்ள இடத்தில் அந்தப் பிள்ளை முதல் வாரமே திணறிப்போகும். அடிப்பேன் என்ற பிள்ளையையும் அதோடு ஒதுக்கிவிட மாட்டார்கள். நீ அடித்தவன் எடுக்கவே இல்லை என்று தெரிந்தால் என்ன செய்வாய் என்று மூன்றாவதாக ஒன்று கேட்பார்கள். முகம் மாறி, "ஸாரி சொல்லுவேன்" என்று இறங்குகிற பிள்ளையோடு எந்த வார்டனும் ஓட்டிவிடலாம்.

"தெரியாது" என்பதற்கு மார்க் உண்டு என்றால் பெற்றோர் நம்புவதில்லை. வேண்டுமென்றே தெரியாத ஒன்றைக் கேட்பது பழைய பழக்கம். "தெரியல சார்" என்று சொல்லிவிட்டுச் சாதாரணமாக இருக்கிற பிள்ளை, விடுதியில் தப்பு செய்தாலும் மறைக்காது என்று ஒரு கணக்கு. தெரிந்ததுபோல் அளந்துவிடுகிற பிள்ளையிடம் அடுத்தடுத்துக் கேட்டு அது எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பார்கள். "படிப்பேன்" என்று பொழுதுபோக்கைச் சொன்னால் கடைசியாகப் படித்த புத்தகம், அதில் வந்த ஆள், அவன் செய்த காரியம் என்று மூன்று படி இறங்குவார்கள். கில்லி ஆடுவேன், டிராக்டரில் அப்பாவோடு உட்கார்ந்து போவேன் என்றால் அதிலும் அதே மூன்று படிதான். எந்தப் பொழுதுபோக்கும் மட்டம் இல்லை. இல்லாததைச் சொன்னால்தான் வம்பு.

எந்தப் பள்ளியில் நேர்காணல் உண்டு, எதில் இல்லை என்பதே பலருக்குக் குழப்பம். உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதி நகரில் 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளிக்கு இப்போது நேர்காணல் கிடையாது. அகில இந்திய நுழைவுத் தேர்வு, தகுதிப் பட்டியல், பிறகு மருத்துவப் பரிசோதனை. ஆறாம் வகுப்புக்கு 125 கேள்வி, 300 மார்க், அதில் கணக்குக்கு மட்டும் பாதி, 150. அதைத் தமிழிலும் எழுதலாம். ஒன்பதாம் வகுப்புக்கு 400 மார்க், இங்கிலீஷில் மட்டும். சைனிக் பள்ளிக்கு என்று சொல்லி "இன்டர்வியூ டிரெயினிங்" கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

டேராடூனில் 1922இல் தொடங்கிய ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரி வேறு கதை. எட்டாம் வகுப்பில் சேர்க்கிறார்கள்; பதினொன்றரை வயது முடிந்து பதின்மூன்று ஆகாமல் இருக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு. நம் மாநிலத்தில் அதை நடத்துவது டிஎன்பிஎஸ்சி. இங்கிலீஷ் 125, கணக்கு 200, பொது அறிவு 75, நேர்முகம் 50. ஐம்பதுதானே என்று அதை விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பாதி மார்க் எடுக்க வேண்டும் என்பது விதி, நேர்முகத்துக்கும் அதேதான். கணக்கில் 190 எடுத்தவன் நேர்முகத்தில் 24 எடுத்தால் போயிற்று. 2022 முதல் பெண் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். காரிமங்கலத்திலும் ஊத்தங்கரையிலும் இது இன்னும் பாதி வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

தனியார் விடுதிப் பள்ளிகளில் அழைப்புக் கடிதத்தை உற்றுப் பாருங்கள். பல இடங்களில் "இன்டர்வியூ" என்று போட மாட்டார்கள், "இன்டராக்ஷன்" என்பார்கள். காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்த முறையும் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அதன்பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம். 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கான, எட்டாம் வகுப்பு வரையிலான சட்டம் இது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மலையில் இருக்கும் பழைய பள்ளிகளில் பல அந்த வகையைச் சேர்ந்தவை. ஆக, ஆறாம் வகுப்புக்கு நடப்பதும் ஒன்பதாம் வகுப்புக்கு நடப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. பெயரை மாற்றினால் வேலை மாறிவிடாது என்பது எங்கள் எண்ணம். ஆனாலும் பிள்ளை விடுதியில் தாக்குப்பிடிக்குமா என்று பார்த்துப் பேசுவதே பாவம் என்று சொல்ல மாட்டோம். பார்க்காமல் சேர்த்துக்கொண்டு ஆகஸ்டில் பெட்டியோடு திருப்பி அனுப்புகிற பள்ளி அதைவிட மோசம்.

பெற்றோரை ஏன் தனியாக அழைக்கிறார்கள்? பணம் கட்ட முடியுமா என்று பார்க்கத்தான் என்பார்கள். அதுவும் உண்டு. அதைவிட முக்கியம், ஏன் அனுப்புகிறீர்கள் என்பது. "எப்பப் பாத்தாலும் செல்போன், சொன்ன பேச்சு கேக்க மாட்டான், நீங்கதான் திருத்தணும்" என்று ஒரு அப்பா சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு விடுதி என்பது ஏற்கெனவே தண்டனை என்று அர்த்தம். நம் பக்கம் அஞ்சு வயசிலேயே ஆரம்பித்துவிடுகிறோமே: "அடங்கலன்னா ஹாஸ்டல்ல போட்டுருவேன்." அதைக் கேட்டே வளர்ந்த பிள்ளை நேர்காணல் அறைக்குள் வரும்போது போலீஸ் ஸ்டேஷனுக்குள் வருவதுபோல் வரும். விடுதி ஆசை இருக்கிறதோ இல்லையோ, அந்த மிரட்டலை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, தனித்தனியாகப் பேசி இரண்டு பதிலையும் ஒட்டிப் பார்ப்பது. "இங்க படிக்கணும்னு யாருக்கு ஆசை?" என்று பிள்ளையிடம் கேட்பார்கள். "எனக்குத்தான் சார்" என்று டக்கென்று வந்தால், "எப்போதிருந்து?" "அப்பா புக்கு காட்டினதுல இருந்து." பரவாயில்லை, உண்மையான பதில். "எனக்குப் பிடிக்கல, ஆனா போறேன்" என்பதும் மோசமான பதில் இல்லை. அதில் ஒரு யோசனை இருக்கிறது. வீட்டில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இதில் ஒத்துப்போகவில்லை என்றால் அது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்பா பேசப் பேச அம்மா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், கேள்வி அவரிடம் திரும்பும்: "நீங்க சொல்லுங்கம்மா." தினம் போனில் அழப்போகிற அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் மாட்டப்போவது வார்டன்தானே.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். "ரூம்ல கூட இருக்கிறவங்க எந்தப் பக்கத்துப் பசங்க, எந்த ஆளுங்க?" என்று கேட்கிற பெற்றோர் உண்டு. எதைக் கேட்கிறார்கள் என்பது கேட்கிறவருக்கும் தெரியும், கேட்கப்படுகிறவருக்கும் தெரியும். ஒரே தண்ணீர்ப் பானை, ஒரே பந்தி, ஒரே துணிக்கொடி. அதில் சங்கடம் இருக்கிற வீடு விடுதியைப் பற்றி யோசிக்காமல் இருப்பதே அந்தப் பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் நல்லது.

உடம்பு விஷயத்தில்தான் அதிகமாக மறைக்கிறார்கள். பின்னால் அதிகம் படுத்துவதும் அதுதான். படுக்கையை நனைக்கும் பழக்கம் பத்து வயதில் நூறில் ஏறத்தாழ ஐந்து பிள்ளைகளுக்கு உண்டு. வியாதியும் இல்லை, அவமானமும் இல்லை. "சீட் கிடைக்காம போயிரும்" என்று சொல்லாமல் விட்டால், முதல் ராத்திரியே பிள்ளை தூங்காமல் விழித்துக் கிடக்கும், மூன்றாம் ராத்திரி அசந்து நனைத்துவிடும், காலையில் டார்மிட்டரிக்கே தெரிந்துவிடும். அந்தப் பட்டப்பெயர் பத்தாம் வகுப்பு வரை கூட வரும். முன்பே சொல்லியிருந்தால் வார்டன் பதினோரு மணிக்கு ஒரு தரம் எழுப்பிவிடுவார், கீழ்க் கட்டிலாகக் கொடுப்பார், ரப்பர் விரிப்புப் போடுவார், விஷயம் இரண்டு பேருக்குள் முடிந்துவிடும். வீசிங், வலிப்பு, தூக்கத்தில் நடப்பது, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதது, பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் வந்துவிட்டதா, வலி அதிகமா என்பது, எல்லாவற்றுக்கும் இதே நியாயம்தான். இன்ஹேலர் எடுக்கிற பிள்ளையை ஏற்காட்டுக் குளிரில் யாருக்கும் சொல்லாமல் விட்டுவிட்டு வருவது விளையாட்டில்லை. நேர்காணலில் பிள்ளை முன்னால் சொல்லச் சங்கடமாக இருந்தால் தனியாக அழைக்கும்போது சொல்லுங்கள், மருந்துச் சீட்டையும் கொடுங்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளை வெளியூர் ஆட்கள் தப்பாகப் படிக்கிற இடங்கள் இரண்டு மூன்று உண்டு. பெண்ணாகரம், பாலக்கோடு பக்கத்தில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பது ஊரறிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்த பிறகும் போர் தண்ணீரையே குடித்து வளர்ந்த வீடுகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளின் முன்பற்களில் பழுப்புக் கறை படிந்திருக்கும்; தேய்த்தாலும் போகாது. பிள்ளை பேசும்போது கை தானாக வாய்க்குப் போகும், சிரித்தால் உதட்டை மூடிக்கொள்ளும். எதிரில் இருப்பவர் கூச்சம் என்று எழுதுவார், இல்லாவிட்டால் பல் தேய்க்காத பிள்ளை என்று நினைப்பார். இதைச் சமாளிக்க ஒரு வரி போதும். பெற்றோர் பேசும்போது, "பல்லுல கறை எங்க ஊர்த் தண்ணியால வந்தது, தினமும் ரெண்டு தரம் தேய்க்கிறான்" என்று சொல்லிவிடுவது. பிள்ளைக்கும் அதையே சொல்லிக் கொடுத்து, கையை மடியில் வைத்துப் பேச ஒரு மாதம் பழக்கினால் சரியாகிவிடும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ், புத்தகத்தில் இங்கிலீஷ் என்று வளர்கிற பிள்ளைக்குக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இரண்டு மூன்று விநாடி இடைவெளி விழும். மந்தம் இல்லை, உள்ளே மொழி மாறிக்கொண்டிருக்கிறது. அந்த இடைவெளியைத் தாங்க முடியாமல் அப்பா குறுக்கே பதில் சொல்லிவிடுவதுதான் கெடுதல். "தமிழ்ல சொல்லட்டுங்களா சார்?" என்று கேட்கப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். பல இடங்களில் அதற்குத் தடையில்லை, அப்படிக் கேட்பதையே நல்ல குணமாக எடுத்துக்கொள்வார்கள். ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லி, சொந்த வார்த்தையில் சொல் என்பார்கள். வாசிப்பு இங்கிலீஷில் இருந்தாலும் திருப்பிச் சொல்வது தமிழில் இருக்கலாமா என்று கேட்பதிலும் தப்பில்லை. புரிந்ததா என்பதுதான் அங்கே கேள்வி.

வீட்டுத் தொழிலை மறைப்பது அடுத்தது. அப்பா தக்காளி போடுகிறவராக இருப்பார். பிள்ளை "அக்ரிகல்ச்சர் பிசினஸ்" என்று சொல்லும், சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எதிரில் இருப்பவருக்கு ராயக்கோட்டை மண்டி தெரிந்திருந்தால் பிள்ளைக்கு அதிர்ஷ்டம். "ஒரு கிரேட் எத்தனை கிலோ?" "இருபத்தஞ்சு சார்." "நாப்பது கிரேட் போச்சு. கிலோ பன்னண்டு ரூபா. எவ்வளவு வரும்?" பிள்ளை உதட்டை அசைத்து, "ஆயிரம் கிலோ சார்... பன்னண்டாயிரம். ஆனா கமிஷன் போவும், வண்டி வாடகை போவும்" என்னும். அந்த "ஆனா"வுக்காகத்தான் கேட்டது. கணக்குப் புத்தகத்தில் கமிஷன் கழியாது, மண்டியில் கழியும். மாம்பழத்தில் பெங்களூரா கூழ் பேக்டரிக்குப் போகும், செந்தூரா சாப்பிடப் போகும் என்று தெரிந்த பிள்ளை, பூச்செண்டு கட்டுகிற அம்மாவோடு உட்கார்ந்து ரோஜாவைத் தரம் பிரிக்கிற பிள்ளை, இவர்களிடம் பேச நிறைய இருக்கிறது. அதை வாயடைத்து, நெட்டுருவை ஊட்டி அழைத்துவருவது வீண்.

தயார் செய்வது என்றால் பதிலை அல்ல, பழக்கத்தை. மூன்று மாதம் வேண்டும். முதல் மாதம் காலை வேலை: அலாரம் வைத்து ஐந்தரைக்குத் தானே எழுவது, ஒரு வாளித் தண்ணீரில் எட்டு நிமிடத்தில் தலை முதல் கால் வரை குளித்து முடிப்பது, தலை சீவுவது, படுக்கையை மடிப்பது, ஷூ லேஸ் கட்டுவது. பெண் பிள்ளைக்கு நீளமான கூந்தல் இருந்தால், தானே பின்னப் பழகட்டும். முடியாவிட்டால் கத்தரிப்பதா என்பதை அவளிடமே கேளுங்கள், ஜூனில் அவசரமாக வெட்டினால் அழுகைக்கு அது ஒரு காரணமாகும். இரண்டாம் மாதம் துணி: சோப்புத்தூள் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறப்போட்டு, காலரையும் கைமடிப்பையும் கட்டிச் சோப்பால் தேய்த்து, இரண்டு தண்ணீரில் அலசி, உதறிக் காயப்போடுவது. முறுக்கிப் பிழிய எல்லாப் பிள்ளைக்கும் வரும், உதற வராது. உதறாத சட்டை காய்ந்ததும் கருவாடு மாதிரி நிற்கும். வாரம் இரண்டு முறை தன் துணியைத் தானே துவைத்தால் எட்டு வாரத்தில் பிடிபட்டுவிடும்.

மூன்றாம் மாதம் ராத்திரி. பாட்டி வீட்டில் இரண்டு ராத்திரி, நீங்கள் இல்லாமல். அடுத்து, அவ்வளவு பழக்கமில்லாத சித்தி வீட்டில் ஐந்து ராத்திரி, ஒரே ஒரு போன், பத்து நிமிடம். இதில்தான் உண்மை வெளிவரும். இரண்டாம் ராத்திரி அழுவது சகஜம். அழுதுவிட்டு நான்காம் நாள் அந்த வீட்டுப் பிள்ளைகளோடு ஆடப் போய்விட்டால் தயார். ஐந்தாம் நாளும் வாசலையே பார்த்து உட்கார்ந்திருந்தால் இந்த ஆண்டு வேண்டாம், ஆறாம் வகுப்பை இங்கேயே படித்துவிட்டு ஒன்பதில் பார்க்கலாம். சாப்பாட்டுக்கும் இதே வீட்டில் ஒரு சோதனை உண்டு. போட்டதைச் சாப்பிட வேண்டும், வேறு கேட்கக் கூடாது. களியும் கீரைக் குழம்பும் தின்று வளர்ந்த பிள்ளை இதில் பெரும்பாலும் ஜெயித்துவிடும். நூடுல்ஸ் பிள்ளைதான் விழிக்கும்.

பெரியவர்களிடம் பேசப் பழகுவதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டாம். மளிகைக் கடைக்கு அனுப்பி மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். பஸ்ஸில் டிக்கெட்டை அதுவே எடுக்கட்டும், நூலகத்தில் போய் ஒரு புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேட்கட்டும். தெரியாதவரிடம் உதவி கேட்கிற வாய் இருந்தால் நேர்காணலுக்கென்று வேறு வாய் தேவையில்லை.

காகித வேலையில் கவிழ்கிற குடும்பங்கள் ஏராளம். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயரே ஏறாமல் இருக்கும், பிரசவத்தின்போது வாங்கியது அப்படியே பெட்டியில் கிடக்கும். அதைச் சேர்க்க நகராட்சியிலோ ஊராட்சியிலோ அலைய நாளாகும். ஆதாரில் ஒரு தேதி, பள்ளிப் பதிவேட்டில் ஒரு தேதி இருப்பது அதைவிடத் தலைவலி. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது பத்தவில்லை என்று வாத்தியாரே ஒரு ஜூன் தேதியைப் போட்டுவிட்டிருப்பார். சைனிக், டேராடூன் மாதிரி இடங்களில் வயது வரம்பு ஒரு நாள் தவறினாலும் தவறியதுதான். இனிஷியல் ஒரு சான்றிதழில் முன்னால், ஒன்றில் பின்னால் விரிவாக. இதையெல்லாம் விண்ணப்பிக்கும் முன்பே நேராக்க வேண்டும். அன்றைக்கு அசல் ஒரு கோப்பில், நகல் இரண்டு செட், தடுப்பூசி அட்டை, ஆறு போட்டோ.

மலைப் பள்ளி என்றால் முந்தைய நாளே போய்விடுங்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. விடியற்காலை தருமபுரியில் பஸ் ஏறி, வயிறு முட்ட இட்லி சாப்பிட்ட பிள்ளை பன்னிரண்டாவது வளைவில் வாந்தி எடுத்துவிட்டு ஒன்பதரை மணிக்கு வெளுத்துப்போய் உட்கார்ந்தால், யார் வந்து என்ன கேட்டாலும் பதில் வராது. புது ஷூ, புதுச் சட்டை வேண்டாம். நான்கு முறை துவைத்த சட்டை போதும். கழுத்துப் பட்டை அறுக்கிற பிள்ளையின் கவனம் கழுத்தில்தான் இருக்கும்.

முடிவில் "உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். பெற்றோர் பெரும்பாலும் "ஒண்ணும் இல்லைங்க சார், நீங்க பாத்து செய்யுங்க" என்று கைகூப்பிவிடுவார்கள். கேட்க வேண்டிய நேரமே அதுதான். விடுதிகளுக்கான 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி கலெக்டர் உரிமம் இருக்கிறதா? ராத்திரி டார்மிட்டரியில் எந்தப் பெரியவர் படுக்கிறார், எத்தனை பிள்ளைக்கு ஒருவர்? காய்ச்சல் வந்தால் எத்தனை மணி நேரத்தில் எங்களுக்குச் சொல்வீர்கள்? பிள்ளைகள் கண்ணில் படும்படி 1098 என்ற குழந்தைகள் உதவி எண் ஒட்டியிருக்கிறதா? அடிப்பீர்களா? கடைசிக் கேள்வி முகத்தில் அடித்தாற்போல் இருக்கும், கேளுங்கள். "கண்டிப்பு வேணும்ல" என்று சிரித்து மழுப்பினால், அடி உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். பாதியில் விலகினால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதை வாயால் கேட்டதோடு விடாமல் எழுத்தில் வாங்குங்கள்.

பிள்ளையிடமும் அதே கேள்வி வரும். "நீ ஏதாவது கேக்கணுமா கண்ணு?" சொல்லிக்கொடுத்த பிள்ளை, "உங்க ஸ்கூலோட விஷன் என்ன சார்?" என்று கேட்கும், மேசைக்குப் பின்னால் ஒரு புன்னகை வந்து போகும். சில பிள்ளைகள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ராத்திரி தாகமெடுத்தா தண்ணி எங்க சார் இருக்கும்?" என்று கேட்கும். பக்கத்தில் அப்பா முறைப்பார், இதையா கேட்பது என்று. முறைக்காதீர்கள். அந்தப் பிள்ளை மனசுக்குள் அங்கே ஒரு ராத்திரி படுத்துப் பார்த்துவிட்டது. எதிரில் இருப்பவர் பதிலைச் சொல்லிவிட்டு, தாளைத் தன் பக்கம் இழுத்து எழுத ஆரம்பிப்பார்.